நீந்தியதாகக் கருதப்படும்

உலக விளையாட்டு வரலாற்றை யாராவது நேர்மையாக எழுத உட்கார்ந்தால், கிரேக்க நாட்டுக்கு ஓர் அத்தியாயமும் அதற்கு அடுத்தபடியாகச் செங்கல்பட்டுக்கு ஓர் அத்தியாயமும் ஒதுக்காமல் அவரால் பேனாவை மூட முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், மங்களாம்பிகை கலைக் கல்லூரியின் 'விளையாட்டு மேம்பாட்டுக் குழு' மாமல்லபுரம் கடற்கரையில் சாதித்த சாதனை அப்படிப்பட்டது. தண்ணீரில் ஒரு கால்கூட நனையாமல் நீச்சல் போட்டி நடத்தி, முதல் பரிசும் கொடுத்த குழு பூமியில் வேறு எங்கும் இல்லை.

இந்தப் பெருமையில் ஒரு பங்கு வச்சலாவுக்கும் உண்டு. அந்தப் பங்கு வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால் வந்தது இந்தக் கதை.

எல்லாம் ஒரு கடிதத்தில் தொடங்கியது. கல்லூரி முதல்வர் செங்கல்வராயனின் மைத்துனர் அமெரிக்காவில் இருந்தார். அங்கே புதிதாக ஒரு விளையாட்டு கிளம்பியிருப்பதாக எழுதி, பத்திரிகையிலிருந்து ஒரு படத்தையும் கத்தரித்து அனுப்பியிருந்தார். முதல்வர் அதைக் குழுவின் மேஜையில் விரித்து வைத்தார்.

"டிரையத்லான்! அங்க கல்லூரியில ஓடிக்கிட்டிருந்த பையன்களெல்லாம் இப்ப இதுக்கு மாறிட்டாங்களாம். முதல்ல கடல்ல நீந்தணும். கரையேறி சைக்கிள் மிதிக்கணும். சைக்கிளை விட்டு இறங்கி ஓடணும்."

உடற்பயிற்சி இயக்குநர் ராமானுஜம் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "யார் சார் துரத்தறாங்க?"

"யாரும் துரத்தலை. அதுதான் முன்னேற்றம்."

நம் கல்லூரி ஓட்டக்காரர்கள் ஓட்டத்தோடு நின்றுவிடலாகாது என்று அன்றே ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. விளையாட்டுக்குத் தமிழ்ப் பெயர் சூட்ட ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. ஆறு முறை கூடி, ஒவ்வொரு முறையும் போண்டா தின்று, 'முத்திறப் போட்டி' என்று அது அறிவித்தது. நீச்சல் கற்றுத் தரவோ சைக்கிள் வாங்கவோ துணைக்குழு எதுவும் அமைக்கப்படவில்லை. எதை முதலில் செய்ய வேண்டும் என்று குழுவுக்குத் தெரியும்.

கல்லூரியில் ஓடுகிற பையன்கள் ஒன்பது பேர். பெண்கள் இரண்டே பேர்: மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த வச்சலா, படாளத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் சந்திரம்மா. ஆனால் மூன்று பெயராவது இருந்தால்தான் மகளிர் பிரிவுக்கு அங்கீகாரம் என்று விதி இருந்தது. எனவே முதல்வரின் கொழுந்தியாள் மகள் செல்வி வசந்தாவின் பெயர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வசந்தா தன் வாழ்நாளில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியவள் அல்ல. பஸ் அவளுக்காக நிற்கும்.

பரிசும் அறிவித்தார்கள். பெண்கள் விடுதியில் 'விளையாட்டு வீராங்கனைக்கான இலவச இடம்' ஒன்று உண்டு. வரும் ஆண்டு அது முத்திறப் போட்டியில் வெல்பவளுக்கே. இரண்டாவதாக வருபவள் காத்திருப்புப் பட்டியலில் இருப்பாள்.

அந்த இடத்தில் இரண்டாவது வருஷமாக இருந்தவள் வச்சலா. விடுதி போனால் படிப்பும் போகும் என்று அவளுக்குத் தெரியும். குப்பத்திலிருந்து தினமும் வந்து படிப்பதை அம்மா ஆதியம்மாள் ஒரு மாசம் பொறுப்பாள். பிறகு கல்யாணத்துக்கு மாயவனுக்குச் சொல்லியனுப்புவாள். மாயவனுக்குச் சொந்தமாக வலையும் மீசையும் இருந்தன. வேறு குறை சொல்ல முடியாது. ஆனால் வச்சலாவுக்கு மூன்றாம் வருஷ விலங்கியல் பாடத்தில் மீனை அறுத்து உள்ளே பார்க்க வேண்டும் என்று ஆசை. அதுவரை அவள் மீனைக் குழம்புக்காக மட்டுமே அறுத்திருந்தாள்.

அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று நோட்டீஸை மூன்று முறை படித்தாள். அவளுடைய கண் ஒவ்வொரு முறையும் 'நீச்சல்' என்ற சொல்லில் போய் நின்றது.

அந்தச் சொல்லுக்கும் அவளுக்கும் பழைய உறவு. முந்தின வருஷம், சேர்க்கையின்போது, எழுத்தர் சதாசிவம் அவளுடைய படிவத்தை நிரப்பினார்.

"அப்பா தொழில்?"

"கடலுக்குப் போறாரு சார்."

"தெரிந்த விளையாட்டு?"

"ஓடுவேன் சார்."

சதாசிவம் பேனாவை எடுத்துவிட்டு அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஓட்டம் ஊர்ல எல்லாரும்தான் ஓடறான். கடலுக்குப் போறவர் பொண்ணு. நீச்சல்னு போட்டுடறேன். அதுக்குத்தான் ஹாஸ்டல் இடம் இருக்கு."

நீச்சல் தெரியாது என்று அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசை முட்டியது. ஹாஸ்டல் என்ற வார்த்தை காதில் இனித்தது. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் கட்டில் போட்டு, ஜன்னல் திறந்து, இரண்டு வருஷம் குடியிருந்தாள்.

அவர்கள் குப்பத்தில் பெண்கள் கடலில் இறங்குவதில்லை. கடல் ஆண்களுடையது. அலை வந்து தொட்டுவிட்டுப் போகும் ஈர மணலோடு பெண்களின் எல்லை முடிகிறது. அங்கே மீனைக் கூடையில் வாங்கித் தலையில் ஏற்றிக்கொண்டு, ரோட்டை நோக்கி ஓடுவார்கள். மீன் கெடுவதற்குள், பஸ் போவதற்குள். வச்சலா ஏழு வயதிலிருந்து அம்மாவின் பின்னால் அந்த மணலில் ஓடியவள். கல்லூரி மைதானத்தில் முதல் முறை ஓடியபோது, தலையில் பாரம் இல்லாததால் தான் பறந்துவிடுவோமோ என்று பயந்தாள்.

இந்த ரகசியத்தை முதன்முதலில் சந்திரம்மாவிடம்தான் சொன்னாள். மைதானத்தைப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிட்டு இருவரும் வேப்பமர நிழலில் விழுந்து கிடந்தார்கள்.

"சந்திரா, எனக்கு நீச்சலு தெரியாது."

சந்திரம்மா குதிங்காலில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "இன்னாடி சொல்ற? கடலுக்குப் பக்கத்துலதான வூடு?"

"உங்க வூட்டுக்குப் பக்கத்துல ரயிலு போவுது. நீ ரயிலு ஓட்டுவியா?"

சந்திரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப நீ ரெண்டு வருசமா ஆஸ்டல்ல சோறு துன்றது எதுக்கு?"

"நீச்சலுக்கு."

"எனக்கு நல்லா நீச்சலு தெரியும். வெளிய நின்னுகினு கீறேன். நீ தெரியாமலே உள்ள துன்னுகினு கீற."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு முடிய வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிட்டது என்று வச்சலாவுக்குத் தோன்றியது.

"ஒனக்கு எப்டி தெரியும்?"

"எங்கூர்ல பெரிய வூட்டுக் கெணறு ஒண்ணு கீது. அதுல நாங்க தண்ணி மொள்ளக் கூடாது. ஆனா வாளி அறுந்து வுழுந்தா, மோட்டாரு பைப்புல தழ அடச்சிக்கினா, 'கூப்புடு சின்னையன் பொண்ண'ம்பாங்க. எட்டு வயசுலேர்ந்து முங்கி எடுக்கறேன். மொள்ளத்தான் கூடாது. முங்கலாம்."

"காலேஜு பாரத்துல எழுதலியா?"

"சதாசிவம் சார்கிட்ட சொன்னேன். கெணத்துல முங்கறதெல்லாம் வெளையாட்டான்னாரு. 'கிடையாது'ன்னு எழுதிட்டாரு."

மறுநாளிலிருந்து சந்திரம்மா முதல் பாசஞ்சரிலேயே வந்துவிட்டாள். கொளவாய் ஏரியில், ரயில் பாதைக்குக் கீழே, விடிந்தும் விடியாமலும் பாடம் நடந்தது.

"ஒரு சங்கதி கேக்கறேன்" என்றாள் வச்சலா, இடுப்பளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு. "நான் தோத்தா எடம் ஒனக்குத்தான வரும்? இன்னாத்துக்கு எனக்குக் கத்துக் குடுக்கற?"

"நீ செத்துப் போய்ட்டா நான் யாரடி தோக்கடிக்கறது? பேசாத படு தண்ணில."

மூன்று வாரத்தில் வச்சலா கற்றது ஒன்றே ஒன்று. மல்லாந்து மிதப்பது. காது தண்ணீருக்குள் இருக்கும். மேலே வானம் மட்டும் இருக்கும். தன் மூச்சு வேறு யாருடையதோ போலக் கேட்கும். பயம் போன பிறகு அவள் அதில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பொய்யும் இப்படித்தான் இருந்தது. கையைக் காலை அசைக்காமல் கிடக்கும்வரை தாங்கும். எங்கேயாவது போக நினைத்து அசைந்தால் மூழ்கடிக்கும்.

போட்டிக்கான நாளைக் குழு மிகுந்த தொலைநோக்குடன் தேர்ந்தெடுத்திருந்தது. சிறப்பு விருந்தினருக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. அவர் பெரிய பதவியில் இருந்து இறங்கியவர். இன்னும் இறங்கியதாக நம்பாதவர். வடகிழக்குப் பருவக்காற்றுக்கும் அதே நாள்தான் சௌகரியம் என்பது குழுவுக்குத் தெரிய நியாயமில்லை.

கடற்கரையில் பந்தல் போட்டு மைக் கட்டியிருந்தார்கள். பந்தல் காற்றில் பாய்மரம் போல் புடைத்தது. நான்கு பேர் நான்கு கால்களையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாதுகாப்புக்கு ஒரு கட்டுமரம் வேண்டும் என்று விதி சொன்னதால் குப்பத்திலிருந்து ஓர் ஆளைப் பேசியிருந்தார்கள். அவர் வச்சலாவின் அப்பா தேசப்பன். அவருக்கு மகள் வருவது தெரியாது. மகளுக்கு அப்பா வருவது தெரியாது. பட்டியல் போட்ட சதாசிவத்துக்கு இரண்டும் தெரியும். ஆனால் அவை வெவ்வேறு கோப்புகளில் இருந்தன.

"இன்னிக்கி எறங்க முடியாது சார்" என்றார் தேசப்பன். "வாடைக் காத்து தூக்கி அடிக்குது. எங்காளுங்க ஒர்த்தனும் போவல, பாருங்க."

"பர்மிஷன் வாங்கியாச்சேப்பா" என்றார் ராமானுஜம்.

"ஆர்கிட்ட?"

"மேலிடத்துல."

"அலைகிட்ட யாரும் சொல்லலியே சார்."

அப்போதுதான் தேசப்பன் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கும் மகளைப் பார்த்தார். அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ இன்னா இங்க?"

"போட்டி நைனா."

"எதுல?"

வச்சலா மணலைப் பார்த்தாள். "நீச்சல்ல."

தேசப்பன் கடலைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "ஒனக்கு ஏது நீச்சலு?"

"மெதப்பேன்."

"பொணங்கூடத்தான் மெதக்கும்" என்றார் தேசப்பன். பிறகு போய்த் தன் கட்டுமரத்தின் மேல் ஏறி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பீடி பற்றவைத்தார். "நான் எறக்க மாட்டேன். வேற ஆளப் பாருங்க."

வேறு ஆள் எந்தக் குப்பத்திலும் கிடைக்கவில்லை. சாதாரணக் குழுவாக இருந்திருந்தால் போட்டியைத் தள்ளி வைத்திருக்கும். ஆனால் சான்றிதழ்கள் தேதியோடு அச்சாகியிருந்தன. குழு பந்தலுக்குள் நின்றபடியே கூடியது. ஐந்து நிமிஷத்தில் சதாசிவம் மைக்கைப் பிடித்தார்.

"தீர்மானம் ஒன்று. கடலின் ஒத்துழையாமை காரணமாக, நீச்சல் பகுதியில் ஒவ்வொரு போட்டியாளரும் தத்தம் சேர்க்கைப் படிவத்தில் கண்டுள்ளபடி நீந்தியதாகக் கருதப்படும்."

கைதட்டல் எழுந்தது. பந்தல் காலைப் பிடித்திருந்தவர்களும் கைதட்டியதால் பந்தல் ஒரு முறை எழுந்து உட்கார்ந்தது.

"தீர்மானம் இரண்டு. பெண்கள் பொதுச்சாலையில் சைக்கிள் ஏறுவது குறித்து நம் கல்லூரிக்கு இதுவரை கொள்கை எதுவும் இல்லாததால், மகளிர் பிரிவினர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள்."

"பெல் அடிக்கலாமா சார்?" என்று கேட்டாள் சந்திரம்மா.

ராமானுஜம் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் சற்று யோசித்தார். "தேவைப்பட்டால்."

ஆக, ஆறு பேர் கூடும் ஒரு குழுவின் மதிநுட்பத்தால், உலகின் மிகக் கடினமான விளையாட்டு பாதுகாப்பானதாகவும் பண்பாடு கெடாததாகவும் மாறியது. வச்சலாவும் சந்திரம்மாவும் ஒரு மைல் தூரம் வாடகை சைக்கிள்களைத் தள்ளினார்கள். பையன்கள் மேலே ஏறி மிதித்துப் போனார்கள். சுற்றுலா வந்திருந்த ஒருவர், பங்க்சரா என்று அன்போடு விசாரித்தார். செல்வி வசந்தா வரவில்லை. கடல் காற்று தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சீட்டு அனுப்பியிருந்தாள்.

பிறகு ஓட்டம். திருக்கழுக்குன்றம் ரோட்டில் நான்கு மைல்.

ஓட ஆரம்பித்ததும் வச்சலாவுக்குள் ஏதோ அவிழ்ந்தது. காலையிலிருந்து நடந்தவற்றில் இது ஒன்றுதான் உண்மையாக நடக்கிறது என்று நினைத்தாள். தார் ரோடு காலடியில் நிஜமாக இருந்தது. பக்கத்தில் சந்திரம்மாவின் மூச்சு நிஜமாகக் கேட்டது. ஓடுவதை யாராலும் கருத முடியாது; ஓடத்தான் வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் இந்த நான்கு மைல் தன்னுடையது என்று எண்ணினாள். அப்படி எண்ணும்போதே, ஜெயிக்க வேண்டும் என்றும் அதே அளவு ஆசைப்பட்டாள். மாயவனின் மீசை கண்முன் வந்து போனது.

இரண்டாவது மைலில் பின்னாலிருந்து மூன்றாவதாக ஒரு காலடிச் சத்தம் கேட்டது. ஆதியம்மாள், தலையில் கருவாட்டுக் கூடையோடு, பஸ்ஸைப் பிடிக்க வந்துகொண்டிருந்தாள்.

ராமானுஜம் ஜீப்பிலிருந்து ஒலிபெருக்கியில் கத்தினார். "ஏம்மா, ஓரம் போ! போட்டி நடக்குது!"

"ஓரம் போனா பஸ்ஸு பூடும் சாமி! நீ ஓரம் போ!"

ஆதியம்மாள் இரண்டு பேரையும் தாண்டினாள். கூடையைக் கையால்கூடப் பிடிக்கவில்லை. தாண்டும்போது மட்டும் மகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஏண்டி, வூட்ல ஒரு கொடம் தண்ணி எடுத்தாடின்னா காலு நோவுதும்ப!"

அடுத்த நிறுத்தத்தில் ஏறிப் போய்விட்டாள். பதிவேட்டில் அவள் நேரம் குறிக்கப்படவில்லை.

எல்லைக் கோட்டைச் சந்திரம்மா பத்தடி முன்னால் கடந்தாள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "தோக்கடிச்சிட்டேன் பாத்தியா" என்றாள் சந்திரம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு. வச்சலாவுக்கு அழுகை வந்தது. ஆனால் அது தெளிந்த அழுகை. தோற்ற இடம் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் படிவத்துக்கு வெளியே, நிஜத்தில் அடைந்த முதல் தோல்வி அது.

பந்தலுக்குத் திரும்பியதும் சதாசிவம் முடிவுகளை வாசித்தார்.

"மகளிர் பிரிவு. செல்வி வச்சலா: படிவத்தில் 'நீச்சல்'. எனவே நீந்தினார். ஐம்பது மதிப்பெண். நடை, ஓட்டம் சேர்த்து எண்பத்தெட்டு. முதலிடம்! செல்வி வசந்தா: படிவத்தில் 'நீச்சல், டென்னிஸ், வீணை'. எனவே நீந்தினார். ஐம்பது. இரண்டாம் இடம்!"

"அந்தப் பொண்ணு வரவே இல்லியே" என்றார் தேசப்பன், கூட்டத்தின் ஓரத்திலிருந்து.

"வர வேண்டும் என்று தீர்மானத்தில் இல்லை" என்றார் சதாசிவம் பொறுமையாக. "செல்வி சந்திரம்மா: படிவத்தில் 'கிடையாது'. நீச்சல் கிடையாதவர் கடலில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் குழு வருத்தத்துடன் பரிசீலித்தது. மூழ்கியதாகக் கருதப்படும். மூழ்கியவர் அதன் பிறகு ஓடியிருக்க முடியாது. ஆகையால் ஓட்டத்தில் பெற்ற மதிப்பெண் செல்லாது."

நியாயம் என்றால் இதுதான். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கவில்லை. பையன்கள் பிரிவிலும் நான்கு பேர் மூழ்கியிருந்தார்கள்.

வச்சலாவை மேடைக்கு அழைத்துக் கையில் கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பை கனமாக இருந்தது. கீழே சந்திரம்மா பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே, கண்ணால் சிரித்தாள். வாயசைவில் சொன்னது புரிந்தது. "வாங்கிக்கோடி. நான் செத்தவ. எனக்கு எதுக்கு ஆஸ்டலு?"

வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் போதும். வச்சலாவுக்கு அது நன்றாகத் தெரிந்த நிமிஷம். ஏற்கெனவே ஒரு முறை அதில் குடியிருந்தவள். கட்டில், ஜன்னல், மூன்றாம் வருஷம், மேஜையில் மல்லாந்து கிடக்கும் மீன். எல்லாம் அந்த நிமிஷத்துக்குள் இருந்தன. அசையாமல் இருந்தால் மிதக்கலாம்.

அவள் அசைந்தாள். மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

"சார், எனக்கு நீச்சலு தெரியாது."

முதல்வர் உருகிப் போனார். "பார்த்தீர்களா! வீரர்களுக்கே உரிய அடக்கம்!" கைதட்டல் ஓய அரை நிமிஷம் ஆயிற்று.

"அடக்கம் இல்ல சார். நெசமாலுமே தெரியாது. எங்க குப்பத்துல பொம்பளைங்க கடல்ல எறங்க மாட்டாங்க. பாரத்துல சும்மா எழுதினாங்க, நானும் சும்மா இருந்துட்டேன். நீச்சலு தெரிஞ்சது சந்திராவுக்குத்தான். ஓட்டத்துல மொதல்ல வந்ததும் சந்திராதான்."

சிறப்பு விருந்தினர் கண் விழித்துக் கேட்டார். "யார் அந்தச் சந்திரா?"

சதாசிவம் தாளைப் பார்த்தார். "மூழ்கிட்டாங்க சார்."

"அடடா!" என்று விருந்தினர் எழுந்து நின்று தலை குனிந்தார். அவர் எழுந்ததால் முதல்வர் எழுந்தார். முதல்வர் எழுந்ததால் எல்லோரும் எழுந்தார்கள். ஒரு நிமிஷ மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது. இரண்டாவது வரிசையில் சந்திரம்மாவும் எழுந்து நின்று, தனக்காகத் தலை குனிந்தாள். பெரியவர்கள் நிற்கும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மௌனம் முடிந்ததும் குழு மீண்டும் கூடியது. வச்சலா கீழே நின்று கேட்டாள். படிவத்தில் முதல்வர் கையெழுத்து இருக்கிறது. எனவே படிவம் தவறாக இருக்க முடியாது. ஆனால் மாணவி தனக்கு நீச்சல் தெரியாது என்கிறாள். அப்படியானால் சேரும்போது தெரிந்திருந்த நீச்சலை அவள் இந்த இரண்டு வருஷத்தில் தொலைத்திருக்கிறாள்.

"கல்லூரி ஆவணத்தில் பதிவான ஒரு திறமையை அலட்சியத்தால் இழந்த குற்றத்துக்காக" விடுதி இடம் ரத்து செய்யப்பட்டது. காத்திருப்புப் பட்டியலின்படி அது செல்வி வசந்தாவுக்குப் போனது. வசந்தாவின் வீடு விடுதிக்கு எதிர்வீடு. மத்தியானத்தில் படுத்துக்கொள்ள ரோட்டைத் தாண்ட வேண்டியிருக்கிறதே என்று அவள் வெகுநாளாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அப்பாவும் மகளும் கரையோரமாக வீட்டுக்கு நடந்தார்கள். வீடு நெருங்கும்போது தேசப்பன், "தினம் பஸ்ஸுல போயி படிக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் நைனா."

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். ஒரு வருசம். அதுக்குள்ள பரீட்சை எழுதி முடிச்சிடணும். இல்லன்னா மாயவன் கீறான்."

அப்படித்தான் அடுத்த ஆனியில் மூன்றாம் வருஷம் தொடங்கியது. வச்சலா விடியுமுன் எழுந்து ஒன்றரை மைல் மணலில் நடந்தாள். பிறகு பஸ். செங்கல்பட்டில் இறங்கியதும் கடைத்தெரு முனைக்கு ஓடுவாள். அதே நேரம் சந்திரம்மா பாசஞ்சரில் இறங்கி ஸ்டேஷனிலிருந்து ஓடி வருவாள். காலையில் களை பறித்துவிட்டு வருவதால் அவளுக்கு இப்போது முதல் பாசஞ்சர் கிடைப்பதில்லை. அங்கிருந்து கல்லூரிவரை இருவரும் சேர்ந்து ஓடுவார்கள். தான் மூழ்கவில்லை என்று அதிகாரி ஒருவரின் அத்தாட்சியோடு மனு எழுதிக் கொடுத்த பிறகே சந்திரம்மாவின் பெயர் மறுபடி பதிவேட்டில் ஏறியிருந்தது.

எவ்வளவு ஓடினாலும் முதல் மணிக்கு எப்போதும் இரண்டு நிமிஷம் தாமதம். வாசலில் பதிவேட்டோடு சதாசிவம் உட்கார்ந்திருப்பார்.

"மணி அடிச்சாச்சு. வராததாகக் கருதப்படும்."

"ஒங்க எதிர்லயேதான சார் நின்னுகினு கீறோம்!" என்பாள் சந்திரம்மா.

"நிக்கலைன்னு நான் சொல்லலையே."

விடுதி மாடி ஜன்னலில் வசந்தா அப்போதுதான் எழுந்து, கூந்தலை விரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பாள். விடுதியில் இருப்பவர்கள் கல்லூரிக்குள்ளேயே இருப்பவர்கள். அதனால் அவர்கள் பெயருக்கு நேரே முதல் மணிக்கே வந்ததாகக் கோடு விழுந்துவிடும். வச்சலாவுக்கு அந்த ஜன்னல் நன்றாகத் தெரியும். அதன் இடது கதவு சரியாகச் சாத்தாது. காகிதம் மடித்துச் செருக வேண்டும். செருகியிருப்பாளா என்று நினைத்தபடியே வகுப்புக்குப் போவாள். ஒரு நாள் மீனையும் அறுத்தாள். உள்ளே, குழம்புக்கு அறுக்கும் அம்மாக்கள் எடுத்து எறியும் இடத்தில், ஒரு சிறிய காற்றுப் பை இருந்தது. அதனால்தான் மீன் மிதக்கிறது என்று புத்தகம் சொன்னது. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் கல்லூரி ஆண்டறிக்கை வெளிவந்தது. வழவழப்பான தாள். ஏழாம் பக்கத்தில் 'விளையாட்டு மேம்பாட்டுக் குழு'வின் சாதனை இருந்தது: "குழுவின் அயரா உழைப்பின் பயனாக மாணவியரிடையே விளையாட்டு ஆர்வம் பெருகியுள்ளது. மழை, வெயில் பாராது, தினந்தோறும் கல்லூரிக்கு ஓடியே வரும் செல்வி வச்சலா, செல்வி சந்திரம்மா ஆகியோர் இதற்குச் சான்று."

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது: "வருகைப் பதிவு போதாமையால் பரீட்சை எழுத அனுமதிக்கப்படாதோர்." இரண்டே பெயர்கள்.

வச்சலா அறிக்கையைத் தூக்கிக்கொண்டு சதாசிவத்தின் அறைக்கு ஓடினாள். பின்னாலேயே சந்திரம்மா. வச்சலா இரண்டு பக்கங்களையும் விரித்து மேஜையில் வைத்தாள்.

"இந்தப் பக்கத்துல தெனம் ஓடி வந்தோம்னு எழுதியிருக்கீங்க. இந்தப் பக்கத்துல வரவே இல்லன்னு எழுதியிருக்கீங்க. எது சார் நெசம்?"

சதாசிவம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் நிதானமாகப் படித்தார். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை என்பதில் அவருக்குத் திருப்தி.

"ரெண்டும்தாம்மா" என்றார். "ஓடினீங்க. வரல."